கல்லீரலைக் கெடுப்பது கிருமியா, காவற்படையா?

மஞ்சள் காமாலை என்றதும் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது கீழாநெல்லிதான். வேரோடு பிடுங்கிக் கழுவி, அம்மியில் வைத்து அரைத்து, நெல்லிக்காய் அளவு எடுத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். சித்தூர், திருப்பதிப் பக்கம் வந்து குடியேறிய பிறகு, அதே செடியைப் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் 'நேல உசிரி' என்று காட்டும்போது, உறவினரை வெளியூரில் சந்தித்தது போல ஒரு மகிழ்ச்சி நமக்கு. 'பச்ச காமெர்லு' என்று இவர்கள் சொல்லும் காமாலைக்குப் பசரு மருந்து கொடுப்பவர்கள் இங்கே ஊருக்கு ஊர் உண்டு. மணிக்கட்டில் சூடு போடும் வழக்கமும் சில கிராமங்களில் இருந்தது. எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டு, கண் மஞ்சளித்தால் பசரு மருந்து என்பது இந்த வட்டாரத்தின் எழுதாத சட்டம்.

மருந்து கொடுத்த சில வாரங்களில் கண் வெளுக்கிறது, பசி எடுக்கிறது, மருந்து கொடுத்தவருக்குப் பெயர் கிடைக்கிறது. இதில் மருந்தின் பங்கு எவ்வளவு, இயற்கையின் பங்கு எவ்வளவு என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. காமாலை என்பது நோயின் பெயர் அன்று, நோயின் அடையாளம். கல்லீரல் தன் வேலையைச் சரிவரச் செய்யாதபோது பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப் பொருள் இரத்தத்தில் தேங்குகிறது. நம் ஊர்களில் காணும் காமாலையில் பெரும்பகுதி, குடிநீரில் சாக்கடை கலப்பதால் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் இ என்ற இரண்டு வைரஸ்களால் வருவது. 1955-56-ல் தில்லியில் யமுனை நீரோடு கழிவுநீர் கலந்து, ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அது இ வகை என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. கர்ப்பிணிகளுக்கு இ வகை மிகவும் ஆபத்தானது. மற்றபடி இந்த இரண்டையும் பெரும்பாலோரின் உடம்பு சில வாரங்களில் தானே விரட்டிவிடும். அந்தச் சில வாரங்களில் எதைக் கொடுத்தாலும் பெயர் அதற்குத்தான் போகும்.

கவலைப்பட வேண்டியது இன்னொரு வைரஸைப் பற்றி. அது ஹெபடைடிஸ் பி. அது தண்ணீரில் வருவதில்லை. இரத்தத்தின் வழியாகவும், தாயிடமிருந்து சேய்க்கும், உடலுறவின் மூலமும் வருகிறது. பலருக்கு அது காமாலையைக் காட்டுவதே இல்லை. சத்தமில்லாமல் வந்து, முப்பது நாற்பது ஆண்டுகள் உள்ளே குடியிருந்து, ஒரு நாள் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் மட்டும் சுமார் 2 கோடியே 98 இலட்சம் பேர் இந்த வைரஸோடு வாழ்கிறார்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு அது தம் உடம்பில் இருப்பதே தெரியாது.

நான் மருத்துவன் அல்லன். டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, பாகாலா, சித்தூர், ரேணிகுண்டா என்று தண்டவாளத்தோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன். இதையெல்லாம் தேடிப் படிக்க வைத்தவர் என்னோடு பாகாலாப் பகுதியில் வேலை பார்த்த ஒரு கீமேன். கீமேன் என்றால், கையில் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தினமும் ஐந்தாறு கிலோமீட்டர் பாதையோரம் நடந்து, தளர்ந்த கீயைத் தட்டி இறுக்கிக்கொண்டே போகிறவர். அவர் அரக்கோணம் பக்கத்துத் தமிழர். வெற்றிலை கூடப் போடாத மனிதர்.

முப்பது வயதுக்கு மேல் ஒரு முகாமில் இரத்த தானம் செய்தார். சில நாட்களில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. உங்கள் இரத்தத்தைப் பயன்படுத்த இயலாது, ஹெபடைடிஸ் பி இருப்பதாகத் தெரிகிறது, மருத்துவரைப் பாருங்கள் என்பது அதன் பொருள். யாரிடமோ காட்டினார். கல்லீரல் சோதனை செய்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. "கிருமி சும்மா இருக்கிறது, ஒன்றும் செய்யாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பதினைந்து ஆண்டுகள் அவரும் சும்மா இருந்தார். வயிறு வீங்கி வேலூருக்குக் கொண்டுபோனபோது புற்றுநோய் கல்லீரலின் பாதியைப் பிடித்திருந்தது. 52 வயதில் போய்விட்டார்.

துக்க வீட்டிலேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள், மறைவாகக் குடித்திருப்பார் என்று. அவர் மனைவி என்னிடம் கேட்டார்: "சார், நீங்க படிச்சவங்க. அவர் ஒரு நாளும் தொட்டதில்லையே, அப்புறம் எப்படி சார் ஈரல் கெட்டுது?" அன்று என்னிடம் பதில் இல்லை. இப்போது ஓரளவு இருக்கிறது.

வைரஸ் கொல்வதில்லை

இந்த வைரஸின் தடத்தை முதலில் கண்டவர் பரூக் பிளம்பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி. 1960-களில் பல நாட்டு மக்களின் இரத்தத்தை ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்தத்தில் புதிய புரதம் ஒன்று தென்பட்டது. 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயரிட்டார். அதுதான் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறை என்று பின்னர் தெளிவாயிற்று. 1976-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று நாம் எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்ற பெயரில் செய்யும் இரத்தச் சோதனை அந்தப் புரதத்தைத் தேடுவதுதான்.

இந்த வைரஸுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவை ஐயமறக் காட்டியது தைவான் நாட்டில் நடந்த ஓர் ஆய்வு. 22,707 ஆண்களை, பெரும்பாலும் நம்மைப் போன்ற அரசு ஊழியர்களை, ஆண்டுக்கணக்கில் கண்காணித்தார்கள். 1981-ல் வெளியான முடிவின்படி, வைரஸ் உள்ளவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு இல்லாதவர்களைவிட இருநூறு மடங்குக்கும் மேல். புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக்கூட இது மிஞ்சிவிட்டது. கீமேன் மனைவியின் கேள்விக்கு முதல் பாதி விடை இதுதான்: குடிக்காதவருக்கும் ஈரல் கெடும்.

இரண்டாம் பாதிதான் என்னை வியக்க வைத்தது. ஹெபடைடிஸ் பி வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் நுழைகிறது, தன்னைப் போலப் பல பிரதிகளை எடுத்துக்கொள்கிறது, வெளியே அனுப்புகிறது. ஆனால் அந்தச் செல்லைக் கொல்வதில்லை. குடியிருக்கும் வீட்டை அது இடிப்பதில்லை என்று சொல்லலாம். ஒரு சொட்டு இரத்தத்தில் கோடிக்கணக்கான வைரஸ் இருந்தும் கல்லீரல் பழுதில்லாமல் இருக்கும் மனிதர்கள் உண்டு.

அப்படியானால் இடிப்பது யார்? நம் சொந்த நோய் எதிர்ப்புப் படை. அதில் டி செல்கள் என்றொரு பிரிவு இருக்கிறது. ஒவ்வொரு செல்லும் தன் உள்ளே என்ன தயாராகிறது என்பதற்கு மாதிரித் துண்டுகளை வெளிச்சுவரில் மாட்டி வைக்கிறது. டி செல்கள் அதைச் சோதித்துக்கொண்டே போகும். அந்நியப் பொருள் கண்ணில் பட்டால் வைரஸை மட்டும் தனியே பிடுங்கி எறிய எப்போதும் அவற்றால் முடிவதில்லை. பல சமயம் அந்தச் செல்லையே கொன்றுவிடுகின்றன. செத்த செல்லிலிருந்து கசியும் நொதியைத்தான் எஸ்.ஜி.பி.டி. என்று இரத்தத்தில் அளக்கிறோம். ஆக அந்த எண் வைரஸின் அளவைச் சொல்வதில்லை. அன்றைய சண்டையில் விழுந்த பிணங்களின் கணக்கைச் சொல்கிறது. சண்டையே நடக்காத நாளில் அளந்தால் எண் சரியாகத்தான் இருக்கும். நம் கீமேனுக்கு நடந்தது அதுதான்.

இந்த வைரஸால் வரும் காமாலைக்கும் பொருள் மாறிப்போகிறது. பெரியவர் ஒருவருக்கு இந்த வைரஸ் தொற்றிக் கடுமையான காமாலை வந்தால், அவர் படை முழு மூச்சோடு சண்டையிடுகிறது என்று அர்த்தம். வயது வந்த பிறகு தொற்று வந்தவர்களில் 100-க்கு 95 பேர் இப்படி அடித்து விரட்டிவிடுகிறார்கள். மிகச் சிலருக்குச் சண்டை மிஞ்சிப்போய்க் கல்லீரலே செயலிழந்து உயிருக்கு ஆபத்தாவதும் உண்டு. பிறந்த குழந்தைக்குத் தாயிடமிருந்து தொற்று வந்தாலோ கணக்கு தலைகீழ். 100-க்கு 90 குழந்தைகள் ஆயுள் முழுதும் அதைச் சுமக்கின்றன. எது நம்முடையது, எது அந்நியம் என்று படை பாடம் படிக்கும் பருவம் அது. அப்போதே வந்து உட்கார்ந்துவிட்ட வைரஸை அது பகையாகக் கருதுவதில்லை. காமாலை இல்லை, காய்ச்சல் இல்லை, குழந்தை கொழுகொழுவென்று வளர்கிறது.

கீமேன் இறந்த பிறகு குடும்பத்தாரைச் சோதித்தபோது அவருடைய அண்ணனுக்கும் தங்கைக்கும் அந்த வைரஸ் இருந்தது. தாய் எப்போதோ காலமாகிவிட்டார். ஆனாலும் உடன்பிறந்த மூவருக்கும் இருப்பதால் பிறப்பிலேயே வந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு பிரசவத்தில் தொடங்கிய கதை!

முடியாத சண்டை

கல்லீரலுக்கு இயல்பாகவே ஒரு பெருந்தன்மை உண்டு. குடலிலிருந்து வரும் இரத்தம் முழுதும் அதன் வழியாகத்தான் போகவேண்டும். நாம் தின்ற கத்தரிக்காயும் கருவாடும், குடலில் வாழும் எண்ணற்ற பாக்டீரியாக்களின் துணுக்குகளும் அதில் மிதந்து வரும். ஒவ்வொன்றுக்கும் படையைக் கிளப்பினால் மனிதன் ஒரு வேளை சாப்பிட்டுப் பிழைக்க முடியாது. அதனால் கல்லீரல் தன் எல்லைக்குள் வரும் டி செல்களைத் தட்டிக்கொடுத்து அமைதிப்படுத்தும் பழக்கம் உள்ளது. 1969-ல் இங்கிலாந்தின் ராய் கால்ன் என்ற அறுவை மருத்துவர் ஒரு பன்றியின் கல்லீரலை மற்றொன்றுக்குப் பொருத்தியபோது, எதிர்ப்பை அடக்கும் மருந்து இல்லாமலே பல பன்றிகள் அதை ஏற்றுக்கொண்டன. சிறுநீரகமோ தோலோ அப்படி எளிதில் ஒட்டாது. இந்தப் பெருந்தன்மையைத்தான் வைரஸ் பயன்படுத்திக்கொள்கிறது.

பிறப்பில் தொற்று வந்தவருக்கு இருபது முப்பது ஆண்டுகள் அமைதியாகப் போகும். பிறகு படை மெல்ல விழிக்கிறது. விழித்தாலும் முழு பலத்தோடு விழிப்பதில்லை. கொஞ்சம் செல்களைக் கொல்லும், களைத்துப் படுக்கும், மறுபடி எழும். வைரஸை ஒழிக்கும் அளவுக்கு வலிமை இல்லை. சும்மா இருக்கும் அளவுக்குப் பொறுமையும் இல்லை. செத்த இடத்தில் புதுச் செல் முளைக்கிறது. கல்லீரல்தான் வெட்ட வெட்டத் துளிர்க்கும் உறுப்பாயிற்றே! அந்தத் துளிர்ப்பில்தான் ஆபத்து இருக்கிறது.

எங்கள் தொழிலிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். தண்டவாளம் 13 மீட்டர் துண்டுகளாக வரும். அவற்றைத் தெர்மிட் வெல்டிங் செய்து நீளமாக்குவோம். விரிசல் கண்ட இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வைத்தால் ஒரு பழுதுக்கு இரண்டு வெல்டிங் ஆகிவிடும். ஒவ்வொரு வெல்டும் நன்றாகவே இருக்கலாம். ஆனால் வெல்டின் எண்ணிக்கை கூடக்கூட, எங்கோ ஒன்றில் காற்றுக்குமிழோ கசடோ தங்கிப்போகும் வாய்ப்பும் கூடும். தண்டவாளம் உடைந்தது என்று நள்ளிரவில் செய்தி வந்தால் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது வெல்டைத்தான்.

செல் பிரிவதும் அப்படியே. ஒவ்வொரு முறையும் மரபுச் செய்தி முழுவதையும் படியெடுக்க வேண்டும். சண்டை நடக்கும் இடத்தில் படைவீரர்கள் வீசும் இரசாயனப் பொருள்கள் அந்தச் செய்தியையும் சேதப்படுத்தும். நாற்பது ஆண்டுகள் தினமும் செத்து முளைக்கும் கல்லீரலில், என்றோ ஒரு பிரதியில் பிழை விழுந்து, அடங்காமல் பெருகும் செல் ஒன்று பிறக்கிறது. இதற்கிடையே காயம் ஆறிய இடமெல்லாம் நார் படர்ந்து கல்லீரல் இறுகிச் சுருங்குகிறது. இதைத்தான் சிரோசிஸ் என்கிறார்கள்.

இது வெறும் ஊகம் அன்று. அமெரிக்காவில் லா ஹோயா என்ற ஊரின் ஸ்கிரிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் பிரான்சிஸ் கிசாரி குழுவினர் 1998-ல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் கல்லீரலில் ஊறும்படி எலிகளை உருவாக்கியிருந்தார்கள். பிறவியிலேயே இருப்பதால் அந்த எலிகளின் படை அதைப் பகையாக நினைக்கவில்லை; கல்லீரலும் கெடவில்லை. பிறகு அவற்றின் சொந்தப் படையை அகற்றிவிட்டு, அந்தப் புரதத்தைப் பகையென்று அறிந்த வேறு எலிகளின் படையை உள்ளே செலுத்தினார்கள். கல்லீரலில் ஓயாத அழற்சி தொடங்கியது. ஓராண்டுக்கு மேல் சென்றபின் புற்றுநோய்க் கட்டிகள் வந்தன. அங்கே வைரஸே இல்லை, மேலுறை மட்டுந்தான் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஓயாத சண்டை மட்டுமே புற்றுநோய்க்குப் போதுமானது என்று அது காட்டிற்று.

வைரஸுக்கு இதில் குற்றமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதன் மரபுச் சரடு சில சமயம் நம் மரபுச் சரட்டுக்குள் புகுந்து ஒட்டிக்கொண்டு தன் பங்குக்குக் கெடுக்கிறது. சிரோசிஸ் வராமலே நேராகப் புற்றுநோய் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சித்தூர் மாவட்டத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு சேர்மானம் நிலக்கடலை. ஈரத்தில் பூத்த கடலையில் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் அப்ளாடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கிறது. 1974-ல் இராஜஸ்தான், குஜராத் எல்லையில் பூத்த மக்காச்சோளத்தைத் தின்று 106 பேர் இறந்தது இந்த நஞ்சால்தான். வைரஸ் உள்ளவர் உடம்பில் இதுவும் சேர்ந்தால் புற்றுநோய் வாய்ப்பு பல மடங்காகிறது. பூத்த கடலையை வறுத்தால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். வறுப்பதால் நஞ்சு முழுதும் போவதில்லை. மாட்டுக்கும் போடாதீர்கள், பாலில் வந்து சேரும்.

கீழாநெல்லியின் வழக்கு

கீழாநெல்லிக்கு வருவோம். அதை ஏளனம் செய்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் எஸ்.பி. தியாகராசன் குழுவினர், பிளம்பெர்க்கும் உடனிருக்க, அதை முறைப்படி சோதித்தார்கள். 1988-ல் லண்டனிலிருந்து வரும் 'லான்செட்' இதழில் முடிவு வெளியாயிற்று. வைரஸைச் சுமப்பவர்களுக்கு 30 நாட்கள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் மறைந்தது. வெறும் மாவு மாத்திரை கொடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. நம் கொல்லைச் செடி உலகப் புகழ் பெற்ற நாள் அது.

ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் மீண்டும் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடியின் இனமா, விளைந்த மண்ணா, நோயாளிகளின் நிலையா, எது காரணம் என்று பல விளக்கங்கள் சொல்லப்பட்டன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது இந்த வைரஸுக்கு உறுதியான மருந்தாக ஏற்கப்படவில்லை. நம் செடி என்பதற்காக நாம் வேறு தராசு பிடிக்கலாகாது. ஏ வகைக் காமாலை தானே ஆறும்போது கீழாநெல்லி குடிப்பதில் யாருக்கும் வருத்தமில்லை. பி வகை இருப்பது தெரிந்த பிறகு, கண் வெளுத்துவிட்டது என்று பசரு மருந்தோடு நிறுத்திக்கொள்வதுதான் உயிரை வாங்குகிறது. கண் வெளுப்பது சண்டை ஓய்ந்ததைத்தான் காட்டும். வென்றது யார் என்பதைக் காட்டாது.

தைவான் 1984-ல் பிறக்கும் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. பத்தாண்டுகளில் அங்கே சிறுவர்களின் கல்லீரல் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஒரு புற்றுநோயைத் தடுப்பூசியால் தடுக்க முடியும் என்று உலகம் கண்டது அப்போதுதான். நம் நாட்டில் அந்த ஊசி வெகுகாலம் வெளிநாட்டுச் சரக்கு. பல நூறு ரூபாய் விலை. வரபிரசாத் ரெட்டி என்ற பொறியாளர் ஹைதராபாத்தில் 1993-ல் தொடங்கிய சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997 ஆகஸ்டில் உள்நாட்டுத் தடுப்பூசியை வெளியிட்ட பிறகு விலை சரிந்தது. ஒரு பொறியாளர் என்பதில் எனக்குச் சற்றுப் பெருமை உண்டு! அரசுத் திட்டத்தில் 2002-ல் சோதனை முறையில் தொடங்கி, 2011-ல்தான் நாடு முழுவதற்கும் வந்தது. ஆகவே அதற்கு முன் பிறந்த நாம், நம் பிள்ளைகள், பலரும் தனியாகப் போட்டிருந்தாலொழிய இந்த ஊசி இல்லாதவர்களே.

கிருமி பரவும் வழிகளை நாம் அறிந்துகொள்வது நல்லது. உலர்ந்த இரத்தத்திலும் இந்த வைரஸ் ஏழு நாட்கள் உயிரோடு இருக்கும். ஊருக்கு ஊர் ஆர்.எம்.பி. டாக்டர் காய்ச்சலுக்கும் அலுப்புக்கும் ஊசி போட்டுவிடும் பழக்கம் இங்கே அதிகம். ஊசி போடாவிட்டால் நாமே அவரை டாக்டராக மதிப்பதில்லை! 2009-ல் குஜராத்தின் மொடாசா வட்டாரத்தில், போட்ட ஊசியையே திரும்பப் போட்டதால் ஹெபடைடிஸ் பி பரவிப் பலர் மாண்டனர். திருமலைக் கல்யாணகட்டாவில் முடி இறக்கத் தேவஸ்தானமே பிளேடு தருகிறது. உறவினர் கூட்டமாக வரும்போது ஒரே பிளேடில் இரண்டு குழந்தைகளுக்கு முடித்துவிடச் சொல்லாதீர்கள். ஊர்ச் சலூனிலும், காது குத்தும்போதும், பச்சை குத்தும்போதும் இதே விதி. சேர்ந்து சாப்பிடுவதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ, ஒரே டம்ளரில் குடிப்பதாலோ இது வராது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், கீமேனின் தங்கைக்குச் சொந்த வீட்டிலேயே தனித்தட்டு வைத்தார்கள்.

நோய் இருப்பது தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை, கண்காணிப்பு வேண்டும். டெனோபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள் வைரஸை அடியோடு ஒழிப்பதில்லை, பெருகாமல் அமுக்கி வைக்கின்றன. எதிரி குறைந்தால் சண்டையும் குறைகிறது. இறுகிய கல்லீரல்கூட ஓரளவு இளகுகிறது. யாருக்கு, எப்போது தொடங்குவது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். தொடங்கியதை நாமாக நிறுத்தினால் அடங்கிய சண்டை மூர்க்கமாகத் திரும்பும். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் சோதனையும் மாத்திரையும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. சிரோசிஸ் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும். தண்டவாளத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிக்க நாங்கள் ஓட்டிய கருவியும் இதே அல்ட்ராசவுண்ட்தான். வெளியே தெரிந்த பிறகு பார்ப்பதற்கு அது எதற்கு?

வேறு நோய்க்கு மருத்துவம் செய்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். மூட்டுவாதம், தோல் நோய், இரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்கு நோய் எதிர்ப்பைத் தணிக்கும் மருந்து கொடுப்பார்கள். படை உறங்கும்போது வைரஸ் கட்டுக்கடங்காமல் பெருகும். மருந்தை நிறுத்தியதும் படை எழுந்து பார்த்துக் கண்ட செல்லையெல்லாம் கொல்லும். அதனால் அந்த மருத்துவம் தொடங்குவதற்கு முன்பே ஹெபடைடிஸ் பி சோதனை செய்துகொள்வது அவசியம். மருத்துவர் சொல்லாவிட்டாலும் நாம் கேட்கலாம்.

இதே படையைப் புற்றுநோய்க்கு எதிராகத் திருப்பும் முயற்சியும் நடந்துவருகிறது. களைத்துப்போன டி செல்களின் மேல் இருக்கும் தடையைக் கண்டறிந்ததற்காக ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோன்ஜோ இருவரும் 2018-ல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தத் தடையை விலக்கும் மருந்தும் இன்னொரு மருந்தும் சேர்ந்து, முற்றிய கல்லீரல் புற்றுநோய் உள்ளவர்களின் ஆயுளைப் பழைய மருந்தைவிட நீட்டிப்பதாக 2020-ல் தெரிந்தது. விலை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது. எல்லோருக்கும் பலிப்பதும் இல்லை. சர்க்கரை நோயும் தொந்தியும் சேர்ந்து வரும் கொழுப்புக் கல்லீரலில் பிறந்த புற்றுநோய்க்கு இந்த மருந்து அவ்வளவாகப் பயன்படாமல் போகலாம் என்று 2021-ல் ஓர் ஆய்வு எச்சரித்தது. அங்கே டி செல்களே அழற்சியை வளர்ப்பதுதான் காரணமாம்.

நம் குடும்பங்களுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. பெண் இங்கே திருப்பதியில் வாழ்வாள். பிரசவத்துக்கு வேலூரோ அரக்கோணமோ தாய்வீடு போவாள். கர்ப்பகாலச் சோதனைச் சீட்டு இங்கே ஒரு மருத்துவமனையில், பிரசவம் அங்கே ஒரு மருத்துவமனையில். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடவேண்டிய முதல் ஊசி இந்த இடைவெளியில் தவறிப்போகலாம். மூன்று மாதம் கழித்து இங்கே திரும்பும்போது அட்டை அங்கே தங்கிவிடும். 6, 10, 14-ஆம் வார ஊசிகளில் எது போட்டது, எது விட்டது என்று யாருக்கும் தெரியாது. தாய்க்கு வைரஸ் இருந்தால் அந்த முதல் நாளில் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற ஊசியும் குழந்தைக்குச் சேர்த்துப் போடவேண்டும். கீமேனின் தங்கை மகளுக்கும் சோதனையில் வைரஸ் இருப்பது தெரிந்தது. அவளுடைய குழந்தைக்கு அப்படித்தான் போட்டார்கள். ஓராண்டு கழித்துச் சோதித்ததில் குழந்தைக்குத் தொற்று இல்லை.

சங்கத்தின் அடுத்த இரத்த தான முகாமில் சோதனை முடிவைத் தமிழிலும் தெலுங்கிலும் அச்சிட்டுக் கொடுக்க ஏற்பாடு செய்யும்படி செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். வாசகத்தை நான் எழுதித் தருவதாகவும், மருத்துவர் ஒருவர் திருத்தித் தருவதாகவும் பேச்சு.